ஜெபிச்சுட்டுச் செய்யுங்க

உபதேசியார் வெங்காயத்துக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணினார். உரிக்கப்போகிற கைகளை, அடுப்பு மூட்டப்போகிற கைகளை, ஆட்டுக்கறியை, அரிசியை, மதியத்துக்குள் மழை இறங்கிவிடாமல் இருக்க மேகத்தை, ஒன்றையும் அவர் விடவில்லை. ஆமென் சொன்ன வாயை மூடாமலே வயலட் முதல் வெங்காயத்தின் தலையைக் கிள்ளிப் போட்டாள். ஜெபம் முழுக்க அவள் கண்ணை மூடியிருக்கவில்லை. மூடினால் எதிரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பியூலாவின் முகம் மறைந்துபோகும். இன்றைக்கு அந்த முகத்தை ஒரு நிமிஷம்கூட விடுவதாக இல்லை. சாலேம்விளை சபைக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை, கடைசி நாள் அசனம். ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடும். ஆண்கள் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டிக் கறியை வேகவைப்பார்கள். பெண்கள் பக்கத்துத் தகரக் கொட்டகையில் காலையிலேயே வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், பூண்டு உரிப்பார்கள், இடையில் ஒருத்தி குடும்பத்தை இன்னொருத்தி உரிப்பாள். எல்லா வருஷமும் வயலட் வருவாள். எல்லா வருஷமும் பியூலாவுக்கு எதிரேதான் இடம் கிடைக்கும், அல்லது அவளே அந்த இடத்தைப் பார்த்து உட்காருவாள், எது என்று அவளுக்கே தெரியாது. பியூலா பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. பிள்ளை பிறந்த வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரிக் கட்டில், எங்கேயும் முதலில் போய் நிற்கிறவள். வெள்ளைச் சேலையில் நீலக் கரை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, பேச்சில் தேன். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள் வயலட். ஆனால் இந்த வருஷம் வேறு. போன வாரம் ரூபி மதினி தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, யாரும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பியூலா மவனுக்குப் பொண்ணு பாத்திருக்காவ. நாசரேத் பக்கம். அசனத்துக்கு வாராவளாம். ஊர்ல நாலு பேருட்ட விசாரிக்கணும்லா, அதுக்குத்தான்." சொல்லிவிட்டு ரூபி மதினி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தான் ஒன்றுமே சொல்லாதவள் மாதிரி நடந்தாள். அவள் நடை எப்போதும் அப்படித்தான்.

நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அந்த நாலு பேரில் தான் ஒருத்தியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் வயலட் இன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், வெங்காயச் சாறு படும் என்று தெரிந்தும். விசாரிக்க வருகிறவர்கள் நல்ல சேலை கட்டினவளிடம்தான் முதலில் வருவார்கள். சொல்ல வேண்டியதும் ஆயத்தமாக இருக்கிறது. புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை, பியூலா கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும். நல்ல பையன்தான், ஆனா எதுக்கும் நல்லா ஜெபிச்சுட்டு முடிவெடுங்க. அவ்வளவுதான். 'ஆனா'வுக்கு முன்னால் ஒரு சின்னப் பெருமூச்சு, முடிந்ததும் கேட்டவள் கையைப் பிடித்து ஒரு அமுக்கு. பொய் சொல்லவில்லை, பழி சொல்லவில்லை, யாரும் வந்து சட்டையைப் பிடிக்க முடியாது. ஜெபிக்கச் சொன்னதில் என்ன குற்றம்? ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் வயலட்டின் மகள் ஷீபாவின் கல்யாணம் நின்றுபோனது. சாத்தான்குளத்து மாப்பிள்ளை, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை, வீட்டுக்கு வந்து ஷீபா போட்ட காப்பியை இரண்டு தரம் வாங்கிக் குடித்தவன். நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பெரியம்மா ஆராதனைக்கு வந்து, முடிந்ததும் கோயில் வாசலில் பியூலாவிடம் பேசிக்கொண்டு நின்றாள். அடுத்த புதன்கிழமை போன் வந்தது. "ஜெபத்துல எங்களுக்குச் சமாதானம் கிடைக்கல." என்ன சமாதானம், யாருடைய சமாதானம் என்று வயலட் கேட்கக்கூட முடியவில்லை. அதற்கு அப்புறம் ரூபி மதினிதான் வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, என் பெயரை எங்கேயும் இழுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பியூலா சொன்னதைச் சொன்னாள். பெருமூச்சையும் அமுக்கையும் செய்து காட்டினாள். அந்தச் சத்தியம் வயலட்டின் தொண்டையில் மீன்முள் மாதிரி இத்தனை வருஷமாக நிற்கிறது. பியூலாவிடம் போய்க் கேட்டால் யார் சொன்னது என்பாள். யார் சொன்னது என்று சொல்ல முடியாது. அதனால் கேட்கவில்லை. கேட்காததை எல்லாம் வெங்காயத்தில் காட்டினாள்.

ஷீபாவுக்கு இருந்ததுதான் என்ன? ஏழு வயசில் ஒரு காய்ச்சல். கொதிக்கிற காய்ச்சலில் ஒரே ஒரு தரம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வரும், பயப்படாதீர்கள் என்றார். பிறகு வரவே இல்லை. அது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்ததற்குக் காரணம் வயலட்டேதான். வயலட்டின் மனசு எந்த வழியாகப் போனாலும் கடைசியில் இந்த இடத்தில் வந்து கால் இடறும். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள் என்றபோது அவள்தான் எழுந்து நின்றாள். என் பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு, எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க என்று தன் வாயால் சொன்னாள். அன்றைக்கே எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டார்கள். பியூலா பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுது ஜெபித்தாள், கண்ணீர் ஷீபாவின் காலில் சொட்டியது. அழுகை பொய் இல்லை. அதுதான் வயலட்டுக்கு ஆறவில்லை. அழுதவள் அதை மறந்திருக்கலாம், இல்லை, அழுத காரியத்தை நெஞ்சோடு வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் எங்கேயோ மடித்து வைத்து, பிள்ளைக்கு இருபத்தொரு வயசு ஆனதும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சாத்தான்குளம் போன பிறகு இன்னும் இரண்டு இடம் வந்தது, இரண்டும் சமாதானம் இல்லாமல் போனது. ஷீபா கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலைக்குப் போனாள். பண்டிகைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கட்டுமா. வைக்கட்டுமா என்று கேட்கிற அந்தக் குரலில் கோபம்கூடக் கிடையாது. கோபம் இருந்தாலாவது வயலட்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

வெங்காயம் கண்ணைக் கரித்தது. எல்லாருக்கும் கரித்தது, எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள், கொட்டகை முழுக்க ஒரே துக்கவீடு மாதிரி இருந்தது. துக்கவீடு என்றதும் மனசு அந்தப் பக்கம் சாயப் பார்த்தது, வயலட் இழுத்துப் பிடித்தாள், நிற்கவில்லை. அவள் புருஷன் டேனியல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாட்டுத்தொழுவத்தில் விழுந்த வருஷம். கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டு எல்லாரும் போன பிறகு, போகாமல் இருந்தவள் பியூலா. தரையில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். வயலட் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நொய்யரிசிக் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்தாள். "ஒரு வாய் குடிட்டி. எனக்காக ஒரு வாய்." வயலட் குடித்தாள். பல்லைக் கடித்து வைத்துக்கொண்டிருக்கலாம், துப்பியிருக்கலாம், மகளைக் கெடுத்தவள் கையால் வேண்டாம் என்று கிண்ணத்தைத் தட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. பசித்தது, குடித்தாள், இன்னும் கொஞ்சம் என்றுகூடக் கேட்டிருக்கிறாள். கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. அந்த உப்பு நாக்கில் நிற்கிறது. போ என்றாள் வயலட் அந்த நினைப்பிடம், கையில் இருந்த வெங்காயத்தைத் தேவைக்கு மேல் ஆழமாக அறுத்தாள். அதை நினைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஆல்வினை நினைக்க வேண்டும். ஆல்வின் பியூலாவின் மகன், மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். ஒரு காலத்தில் குடி. ஊருக்கு அரசல்புரசலாகத் தெரியும், வயலட்டுக்கு முழுசாகத் தெரியும். ஒரு விடியற்காலை அவள் வீட்டுக் கொல்லையில் கிணற்றுச் சுவர் ஓரம் சட்டையெல்லாம் வாந்தியோடு கிடந்தான். முகத்தைக் கழுவி விட்டாள், மோர் கொடுத்தாள். பிள்ளை மாதிரி அழுதான். "சித்தி, அம்மாட்டச் சொல்லாதிய." சொல்லவில்லை, ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இரக்கத்தினால் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இரக்கம் இல்லை. ஒரு நாள் வேண்டியிருக்கும் என்று வைத்திருந்தாள், நல்ல கத்தியைத் துணியில் சுற்றிப் பரணில் வைப்பது மாதிரி. பிறகு அவனை நாகர்கோவில் பக்கம் எங்கேயோ சேர்த்து மருந்து கொடுத்தார்கள். பியூலா ஊரில் அவன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னாள். திரும்பி வந்தவன் விட்டுவிட்டான். அதுவும் வயலட்டுக்குத் தெரியும், தெரியாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாலும் தெரியும். கிறிஸ்துமஸ் இரவுகளில் மைக்செட் பசங்கள் எல்லாம் தென்னந்தோப்புக்குள் போனபோது அவன் மட்டும் வயர் சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவன் விடாமல் இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததற்குக் கூச்சப்படவில்லை. அதே நேரம் பார்த்து, தோளில் வயர்ச் சுருளோடு அவனே கொட்டகைக்குள் தலையை நீட்டினான். "சித்தி, கீழ உக்காந்திருக்கிய. முட்டு வலிக்கும்லா. சேர் கொண்டாரவா?" வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான். அதில் உட்காரவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் அது இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது.

உபதேசியார் மருமகள் ஜென்சி, போன வருஷம் கல்யாணம் ஆகி வந்தவள், பூண்டு உரித்துக்கொண்டே பியூலாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். துவைக்கிற மெஷின் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது, மேலே திறக்கிறதா, முன்னால் திறக்கிறதா, மாமியார் ஒன்று சொல்கிறார், அவர் ஒன்று சொல்கிறார். பியூலா கேட்டுக்கொண்டே ஒரு கத்திரிக்காயின் காம்பை வெட்டினாள். சின்னப் பெருமூச்சு விட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். ஜென்சியின் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள். "எதுக்கும் நல்லா ஜெபிச்சுட்டு முடிவெடும்மா." சொல்லிவிட்டு அடுத்த கத்திரிக்காயை எடுத்தாள். வயலட்டின் கை நின்றது. தகரக் கூரைக்கு மேலே காக்கை நடக்கிற சத்தம், அடுப்பங்கரையிலிருந்து யாரோ உப்புக் கேட்கிற சத்தம், எல்லாம் தூரத்தில் கேட்டது. மெஷினுக்கும் அதே பெருமூச்சு. அதே அமுக்கு. ரூபி மதினி கதவைச் சாத்திக்கொண்டு செய்து காட்டியதே, அதே அளவு, அதே இடத்தில். அப்படியென்றால் இவள் எல்லாருக்கும் இதைத்தான் சொல்கிறாளா? வீடு வாங்கினால், மாடு வாங்கினால், பிள்ளையைக் கான்வெண்டில் சேர்த்தால், இதையேவா? எத்தனை தரம் காதில் விழுந்திருக்கும், இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்து எப்படி விழாமல் போனது? ஒருவேளை சாத்தான்குளத்துப் பெரியம்மாவிடமும் இவள் வலிப்பை நினைத்துச் சொல்லவில்லையோ? வாய்க்கு வந்ததைச் சொன்னாளோ? சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரி, போய்ட்டு வாரேன் என்கிற மாதிரி? கேட்டவள்தான் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று தோண்டிக்கொண்டு போனாளோ? இந்த இடத்தில் ஒரு நல்ல கிறிஸ்தவப் பெண்ணுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். அடக் கடவுளே, தெரியாமல் செய்தவளையா இத்தனை நாள் என்று நெஞ்சில் கை வைத்திருக்க வேண்டும். வயலட்டுக்கு வெறி ஏறியது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒரு கணக்கு உண்டு. என் மகள் மேல் இவளுக்குப் பொறாமை, என் மேல் இவளுக்குப் பகை, நானும் இவளுக்கு ஒரு ஆள் என்றாவது இருந்திருக்கும். ஒன்றும் இல்லாமல், கத்திரிக்காய்க் காம்பை வெட்டுகிற நேரத்தில், ஒரு மெஷினுக்குச் சொல்கிறதை என் பிள்ளைக்குச் சொல்லி, அது என்ன ஆனது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த காயை எடுத்திருக்கிறாள். எடுத்தவள் எனக்குக் கஞ்சியும் ஊட்டியிருக்கிறாள். அப்போது, இத்தனை வருஷமும் நான் யாரோடு சண்டை போட்டேன்? சுவரோடா? தன் கையில் இருந்த ஆயுதம் சட்டென்று மழுங்கிப்போனது வயலட்டுக்குத் தெரிந்தது. அந்த வாக்கியத்தைத் தான் காதோடு காதாகச் சொன்னாலும், கல்யாணம் நின்று, பியூலா அழுது, யாரால் நின்றது என்றே தெரியாமல் பிறகு ஜெபக்கூட்டத்தில் எழுந்து விண்ணப்பம் சொல்லுவாள். எல்லாரும் போய் முழங்கால் போடுவார்கள். தானும் போட வேண்டியிருக்கும். அதில் என்ன ருசி? குத்தினது யார் என்று குத்துப்பட்டவளுக்குத் தெரிய வேண்டும். முகத்தைப் பார்த்துத் தெரிய வேண்டும்.

நாசரேத்துக்காரர்கள் வந்தபோது கறி வேகிற வாசனை கொட்டகைக்கே வந்துவிட்டது. வெள்ளைக் காரிலிருந்து பெண்ணின் அம்மா ஹெலனும் அவள் நாத்தனாரும் இறங்கினார்கள். பியூலா எழுந்து ஓடிப்போய் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து, எல்லாருக்கும் அறிமுகம் செய்துவிட்டு, போதகர் ஐயா வீட்டிலிருந்து காப்பி கொண்டுவருகிறேன் என்று போனாள். போனது வேண்டுமென்றுதான், விசாரிக்க வந்தவர்களுக்கு இடம் விட வேண்டும் அல்லவா. நாத்தனார் கோயிலைப் பார்க்கப் போனாள். ஹெலன் போகவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே ஒரு கத்தியை எடுத்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். வயலட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நல்ல சேலை வேலை செய்தது. பூண்டு விலை, மழை, அங்கே அசனம் எப்போது என்றெல்லாம் பேச்சு போயிற்று. பிறகு ஹெலன் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, தப்பா எடுக்காதிய. எங்களுக்கு ஒரே பொண்ணு. பையன் எப்படி?" வயலட் உரித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் அந்த வாக்கியம் இருந்தது, ஊறிப்போய், பழகிய மாத்திரை மாதிரி. கொட்டகை வாசலில் பியூலா தட்டோடு வருவது தெரிகிறவரை அதை நாக்கிலேயே வைத்திருந்தாள். பியூலா உள்ளே வந்தாள், காப்பியை நீட்டினாள், தன் இடத்தில் உட்கார்ந்தாள், கத்தியைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் வயலட் பேசினாள், கடைசிப் பாய்வரைக்கும் கேட்கிற குரலில்.

"பையனப் பத்திக் கேட்டிய. சொல்லுதேன். அவன் குடிச்சான்."

கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. பியூலாவின் முகம் வெளுத்தது. வயலட் அதைப் பார்த்தாள், கண் கொட்டாமல் பார்த்தாள், உள்ளே ஏதோ ஒன்று தண்ணீர் குடித்த மாதிரி குளிர்ந்தது. "எங்க வீட்டுக் கொல்லையில வந்து விழுந்து கிடந்தான். நான்தான் கழுவி விட்டேன். அப்புறம் கொண்டுபோய் மருந்துக்குச் சேத்தாவ. வேலைக்குப் போனான்னு ஊர்ல சொன்னாவ. வேலைக்கு இல்ல."

ஹெலன் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துக் கூடையில் போட்டாள். "தெரியும்க்கா" என்றாள். "பையனே எங்க வீட்டுக்கு வந்து எங்க மவ முன்னால சொல்லிட்டுப் போனான். அது வரைக்கும் தெரியும். இப்ப விட்டுட்டானா? அதுதான் எங்களுக்குத் தெரியணும். பெத்தவுக சொன்னா நம்ப முடியாதுல்லா."

இதை வயலட் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். பியூலாவும் பார்த்தாள், கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வைக்காக இல்லை என்று வயலட் தனக்குள் சொல்லிக்கொண்டாள், சத்தியமாக இவளுக்காக இல்லை. தென்னந்தோப்பு ஓரத்தில் தனியாக வயர் சுற்றிக்கொண்டிருந்தவன் நினைவுக்கு வந்தான். தெரியாது என்று சொல்லலாம். தெரியாது என்பதும் போதும், அதுவும் கொல்லும். சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. "விட்டுட்டான்" என்றாள். எலும்பைத் துப்புகிற மாதிரி வந்தது. "முழுசா விட்டுட்டான். நான் பாத்திருக்கேன். அதுல சந்தேகம் வேண்டாம்."

ஹெலன் அவள் கையைத் தொட வந்தாள். வயலட் கையை இழுத்துக்கொண்டாள். "இருங்க, இன்னும் முடிக்கல. இப்படி உக்காந்து ஒருத்தி கேட்டதும் ஒருத்தி நேரா சொன்னதும் எம்மவளுக்கு நடக்கல. எம்மவளுக்கு ஏழு வயசுல காய்ச்சல்ல ஒரு தரம் வலிப்பு வந்துச்சு. ஒரே தரம். கேக்க வந்தவளுட்ட அதச் சொல்லியிருந்தா நான் கும்பிட்டிருப்பேன். சொல்லல. நல்ல பிள்ளதான், ஆனா ஜெபிச்சுட்டு முடிவெடுங்கன்னு சொன்னாவ. பெருமூச்சு விட்டுச் சொன்னாவ. கையப் பிடிச்சுச் சொன்னாவ. எம்மவ இன்னைக்கு வரைக்கும் ஒத்தையில இருக்கா. சொன்னது நீங்கதான் அக்கா."

பியூலா தலையை நிமிர்த்தினாள். "நானா? எப்ப சொன்னேன்ட்டி? ஷீபாவுக்கா? நான் அப்படிச் சொல்லுவனா?" நடிக்கவில்லை. நிஜமாகத் தேடினாள், நெற்றியைச் சுருக்கி, பழைய பெட்டியில் கையை விட்டுத் துழாவுகிறவள் மாதிரி. ஒன்றும் கிடைக்கவில்லை. பாயில் இருந்தவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "நான் அப்படிச் சொன்னனாட்டி? யாராவது கேட்டியளா?" ஒருத்தியும் நிமிரவில்லை. எல்லார் தலையும் வெங்காயத்தில் இருந்தது. வயலட் அந்தத் தலைகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இவர்கள் எல்லாருக்கும் தெரியும். ரூபி ஒருத்தி கதவைச் சாத்திச் சொன்னாள், மற்றவர்கள் கதவைச் சாத்திக் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, வா வயலட்டு, நகரு வயலட்டு, நல்லா இருக்கியா வயலட்டு. பியூலாவுக்கு வைத்திருந்த அத்தனை வெறுப்பும் வழிந்து பாய் முழுக்க ஓடியது. எழுந்து போய்விடலாம் என்று ஒரு காலை மடக்கினாள். இவர்கள் வெங்காயமும் வேண்டாம், குழம்பும் வேண்டாம், பரலோகமே ஆனாலும் இவர்களோடு வேண்டாம்.

"சொன்னிய மதினி."

ரூபி மதினிதான். தலை நிமிரவில்லை. "கோயில் வாசல்ல. நான் பக்கத்துல நின்னேன். எங்காதால கேட்டேன். வயலட்டுட்ட நான்தான் போய்ச் சொன்னேன்."

ரூபி மதினி எதையும் நேராகச் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. பியூலா அவளைப் பார்த்தாள், வயலட்டைப் பார்த்தாள். கத்தியை மெதுவாகப் பாயில் வைத்தாள். எழுந்து வயலட்டைத் தாண்டிப் போகும்போது கை எதையாவது பிடிக்கத் தேடி, ஆல்வின் கொண்டுவந்து வைத்த அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தாள், நிறுத்தாமல் அடித்தாள், நீலக் கரைச் சேலை முன்பக்கம் முழுக்க நனைந்தது. வயலட் அந்த முதுகைப் பார்த்தாள். இனித்தது. உண்மையைச் சொன்னால், வாயெல்லாம் இனித்தது. ஜென்சி கூடையை இழுத்துக்கொண்டாள், ஒரு கத்தி ஓடத் தொடங்கியது, பிறகு எல்லாம். ஹெலன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் உரிக்கத் தொடங்கினாள், எழுந்து போகவில்லை. மடக்கின காலை வயலட்டும் நீட்டிக்கொண்டாள். இன்னும் அரைக் கூடை இருந்தது.

மணி அடித்து, ஐயா ஜெபித்து, முதல் பந்தி உட்கார்ந்தபோது மேகம் விலகி வெயில் வந்திருந்தது. வயலட் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோறு வருவதற்கு முன்பே போனை எடுத்து ஷீபாவை அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்றாள் ஷீபா. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வயலட் சொன்னாள். வரிசையாக வரவில்லை, நடுவிலிருந்து வந்தது, ரூபி மதினி, வெங்காயம், எல்லாரும் தலை குனிந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. இப்ப சொல்லி என்னத்துக்கும்மா என்று கேட்கப்போகிறாள், வைக்கட்டுமா என்று கேட்கப்போகிறாள் என்று வயலட் காத்திருந்தாள்.

"எல்லார் முன்னாலயுமா?" என்றாள் ஷீபா. குரல் கம்மியிருந்தது.

"எல்லார் முன்னாலயும்."

"முதல்ல இருந்து சொல்லும்மா. ஒண்ணையும் விடாம சொல்லு. நீ சொன்னப்ப அவுக முகம் எப்படி இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் பதில் வேண்டி மகள் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. வயலட் போனை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். முதலில் இருந்து ஆரம்பித்தாள், உபதேசியார் வெங்காயத்துக்கு ஜெபித்ததிலிருந்து. ஷீபா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரிப்பு. ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம், அப்புறம் என்றாள், சின்னதில் கதை கேட்பது மாதிரி. இலையில் சோறு விழுந்தது. நாசரேத்துக்காரர்கள் வந்த இடத்துக்குக் கதை வந்தபோது, இலைக்கு முன்னால் ஒரு நிழல் நின்றது. ஈரச் சேலை. கையில் குழம்பு வாளி. பந்தி பரிமாறுவது பெண்கள் சங்கத்தின் வேலை, ஒவ்வொரு வருஷமும் அந்த வரிசைக்குக் குழம்பு ஊற்றுவது பியூலாதான். வராமல் இருந்திருக்கலாம், வேறு யாரிடமாவது வாளியைக் கொடுத்திருக்கலாம். கண் இரண்டும் வீங்கி, மூக்கு நுனி சிவந்து, கரண்டியை வாளிக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். ஜெபம், மன்னிப்பு, ஒரு வார்த்தையும் வரவில்லை அந்த வாயிலிருந்து. காதுக்குள் ஷீபா "சொல்லும்மா, அப்புறம் முகம் எப்படி ஆச்சு?" என்றாள். அந்த முகம் இதோ, எட்டித் தொடுகிற தூரத்தில் குனிந்திருந்தது. குழம்பில் ஆவி பறந்தது. தான் உரித்த வெங்காயம் அதில் கரைந்திருக்கும். வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை மறித்தால் போதும், பந்தி முழுக்கப் பார்க்கும். வயலட்டின் கை மடியில் கிடந்தது. அவளுக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"இரு" என்றாள் போனில்.

சோற்றின் நடுவில் விரலால் ஒரு குழி பறித்தாள். பியூலா ஊற்றினாள். கரண்டியை மறுபடியும் வாளிக்குள் விட்டு, அடியில் துழாவி, இரண்டு துண்டு எலும்பில்லாத கறி எடுத்து வைத்தாள். கரண்டியிலிருந்து ஒரு துளி குழம்பு வயலட்டின் நல்ல சேலையில் தெறித்தது. இரண்டு பேரும் அந்தத் துளியைப் பார்த்தார்கள். பியூலா அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

"யாரும்மா அது?" என்றாள் ஷீபா.

வயலட் சோற்றைப் பிசைந்தாள். "குழம்பு" என்றாள். ஒரு வாய் எடுத்து வைத்து, மென்று விழுங்கினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து, ஒன்றையும் குறைக்காமல், மகளுக்கு அந்த முகத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.